பித்தளைக் கூம்புக்குக் கொடுத்த 26,500 ரூபாய்

இசைத்தட்டு கேட்கிறவர்கள், அதிலும் பழைய வீட்டு மாடியில் வைத்துக் கேட்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

எங்களுடையது கும்பகோணத்தில் தேக்கு உத்தரம் போட்ட மச்சு வீடு. மாடியில் ஒரே மர அலமாரியின் மேல் ரெக்கார்டு பிளேயர், அதன் இருபுறமும் ஸ்பீக்கர்கள். பேரன் ஓடினால் முள் தாண்டும். ஒலியைக் கூட்டினால் ‘ஊம்’ என்று ஒரு முழக்கம் கிளம்பித் தவிலின் தொப்பிப் பக்கத்தை விழுங்கிவிடும்.

ஒலிச் சாதனம் விற்கும் ஒருவர் வீட்டுக்கே வந்தார். பிளேயருக்கும் ஸ்பீக்கர்களுக்கும் அடியில் 12 பித்தளைக் கூம்புகள், ஒரு கிரானைட் பலகை, ஆம்ப்ளிஃபயர் மேல் ஒட்டப் பளபளப்பான வில்லைகள். “அதிர்வெல்லாம் கூம்பு வழியாகப் பூமிக்குள் இறங்கிவிடும் சார்” என்றார். இடிதாங்கி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நானும் தலையாட்டினேன், அதுதான் வெட்கம்.

முழக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. கிரானைட்டை விரலால் சுண்டினால் ‘டங்’ என்கிறது. கூம்பு கெட்டியான பொருள். அலமாரியின் அதிர்வை அப்படியே பிளேயருக்குக் கடத்தும். ஸ்பீக்கர் அலமாரியை அதிர வைக்க, அதை முள் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப, அது மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. செக்கு மாடு சுற்றுவது போல இந்தச் சுற்று ஓயாது. வில்லைகளை மகன் எனக்குத் தெரியாமல் எடுத்தும் ஒட்டியும் பார்த்தான். ஒரு தடவைகூட எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பழுதை நாங்கள் கண்டுபிடித்தது ஒரு காப்பி டம்ளரில். அதில் தண்ணீர் ஊற்றி அலமாரியில் வைத்துப் பேரனை நடக்கச் சொன்னோம். ஒவ்வோர் அடிக்கும் வட்டம் வட்டமாக நீர் நடுங்கியது. சுவர் மாடத்தில் வைத்தபோது அசையவே இல்லை. ஒன்றரை அடிச் செங்கல் சுவர் அது. 650 ரூபாய்க்கு இரண்டு இரும்புத் தாங்கியும் ஒரு பலகையும் வாங்கி அந்தச் சுவரில் பிளேயரை ஏற்றினோம். ஸ்பீக்கர்களைத் தனி முக்காலிகளில் இறக்கினோம். முழக்கம் போயிற்று, முள்ளும் தாண்டவில்லை.

கூம்புக்குப் பதில் ரப்பர் தருகிறேன் என்று அவர் பிறகு சொன்னார். எடை ஏறியதும் ரப்பர் 1 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் அதன் சொந்த அதிர்வு சுமார் 16 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குச் சுமார் 16 ஆட்டம். அதைவிட நன்றாக மேலே உள்ள அதிர்வைத்தான் அது தடுக்கும். காலடி அதிர்வு அதற்கும் கீழே. 10 மில்லிமீட்டர் அமுங்கும் சுருள்வில்கூட 5 ஹெர்ட்ஸில் தானே ஆடும். முள்ளும் அதைத் தாங்கும் கையும் சேர்ந்து பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஆடக்கூடியவை. அந்த இடத்திலேயே அடியில் வைத்த ரப்பரோ சுருள்வில்லோ ஆடினால் கேட்கவே வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “பெட்டி பிரித்த சரக்கு சார்” என்கிறார். ரசீதில் ‘சவுண்ட் வேலை’ என்று மட்டும் இருக்கிறது. பொருளின் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. வாங்கும்போதே ஒவ்வொரு பொருளையும் விலையோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் வைத்துப் பார்த்துத் திருப்பலாம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லை. நான் மனு எழுதி வைத்திருக்கிறேன். சாட்சிப் பொருளான கூம்புகளைத்தான் என் மனைவி வெள்ளிக்கிழமை விளக்குகளோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிட்டாள்.