பாலக்கோட்டிலிருந்து ராமேஸ்வரம்: மூன்று நாள் வேன் பயணம்

எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தர்மபுரியில் ஒரு டிராவல்ஸில் வேன் பேசி ராமேஸ்வரம் போய் வந்தோம். ரூமோடு ஆளுக்கு 3,800 ரூபாய், சாப்பாடு நம் செலவு. எழுபது வயது மாமியாரும் கூட வந்தார்.

வண்டி சுத்தமாக இருந்தது. தொப்பூர் கணவாயில் டிரைவர் அண்ணன் கொஞ்சமும் அவசரப்படவில்லை. கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு சாமி பார்க்க முடியாது, மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே சொன்னதும் அவர்தான். பிரகாரத்துக் கல் ஈரத்தில் வழுக்கும், பெரியவர்களைக் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள்.

தனுஷ்கோடிக்கு மதியமே கிளப்பினார். சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விட மாட்டார்களாம். 1964 டிசம்பர் புயலில் கூரை போன சர்ச் இன்னும் நிற்கிறது. பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர், கைவைத்தால் சொரசொரக்கிறது. பக்கத்தில் ஓலைக்குடிசைகள். அங்கே ஒரு மீனவ அக்கா மணலில் தோண்டிய சின்னக் குழியிலிருந்து தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமியார் கேட்டதும் ஒரு சொம்பு கொடுத்தார். இரண்டு பக்கமும் கடல், அந்தத் தண்ணீரில் உப்பே இல்லை! ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு. அதைக் குடித்தே சின்ன வயதில் பல்லெல்லாம் கறையானவர் மாமியார். சொம்பைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. ‘இன்னொரு வாய் குடிங்கம்மா’ என்றார் அந்த அக்கா. அங்கே ஒரு மணி நேரம் இருந்தோம், டிரைவர் ஹாரனே அடிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு முழு மார்க்.

டிராவல்ஸ் ஆபீஸ் மீதுதான் எனக்குக் கோபம். பட்டியலில் இருந்த தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத்துக்குப் பத்தே நிமிடம், சங்குக்கடைக்கு முக்கால் மணி நேரம். அது ஆபீஸ் போட்ட நேரக்கணக்கு, டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன். எந்த மதத்துக்காரரும் வந்து கும்பிடுகிற இடம் அது. நிதானமாக உட்கார்ந்து மெழுகுவர்த்தி ஏற்ற ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. கீழ்த்தளத்தில் ரூம் என்றார்கள், கொடுத்தது இரண்டாவது மாடி, லிஃப்டும் கிடையாது. மாமியார் முழங்கால் வலியோடு மூன்று நாளும் படி ஏறினார்.

பணம் கட்டும் முன் கீழ்த்தள ரூம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சங்குக்கடை வேண்டாம், அந்த நேரத்தை வேர்க்காட்டுக்குக் கொடுங்கள் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.