மினியா, மெவிக் 3ஆ?

கல்யாணப் படப்பிடிப்புக்கு ட்ரோன் வாங்க நினைக்கிற நம்ம மட்டக்களப்புப் பொடியன்கள் பலர் டிஜேஐ நிறுவனத்தின் 249 கிராம் மினியைத்தான் கேட்கிறார்கள், 250க்குக் கீழே என்றால் பதியத் தேவையில்லையாம். அது அமெரிக்காவில், அதுவும் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்களுக்கு மட்டும். காசுக்குப் படமெடுத்தால் அங்கேயும் பதியத்தான் வேண்டும்.

இங்கே சிவில் விமான சேவைகள் அதிகாரசபை கோடு போட்டிருப்பது 200 கிராமில். அங்கிருந்து 1 கிலோ வரை ஒரே வகுப்பு என்பதால் 249 கிராம் மினியும் அதே நிறுவனத்தின் பெரிய ட்ரோனான 895 கிராம் மெவிக் 3உம் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. மெவிக் 3க்குக் கிடைத்த ஐரோப்பிய சீ1 முத்திரை (அங்கே ட்ரோன்களுக்குக் கொடுக்கிற பாதுகாப்பு வகுப்பு) நல்ல விசயம்தான், ஆனால் அதைக் காட்டி இங்கே அனுமதி கேட்க முடியாது.

சரி, பதிவில் வித்தியாசமில்லை என்றால் காற்றைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும்போது கல்லடிப் பாலத்துக்கு மேலே பறக்கவிட வேண்டுமென்றால் நான் மெவிக் 3 பக்கம்: அது செக்கனுக்கு 12 மீற்றர் காற்றைத் தாங்கும், முதலில் வந்த மெவிக் மினி 8தான். வாவிக்குள் விழுந்தால் போனது போனதுதான். கல்யாண வீட்டு முற்றத்தில் மட்டும் மினி. பந்தலடியில் நிற்கிற சனத்தின் தலையில் 895 கிராம் விழுந்தால் விளையாட்டல்ல.