மாமரத்துக்கான இலைவழி உரங்கள்: தெளித்துப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

மாங்காயின் பருமன், தோலின் நிறம், சதையின் இனிப்பு, பறித்தபின் கெடாமல் இருக்கும் நாட்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தெளிப்பில் கூட்டித் தருவதாகச் சொல்லும் உரங்கள் கடை அலமாரிகளில் நிறைந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றை வாங்கிப் பயன்படுத்திய பின், நான் இப்போது தயங்காமல் வாங்குபவை மூன்றுதான்: 13-0-45 என்னும் பொட்டாசியம் நைட்ரேட், 0-0-50 என்னும் பொட்டாசியம் சல்பேட், 20 சதவீதப் போரான் தூள். (மூன்று எண்களும் முறையே தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாஷ் ஆகியவற்றின் சதவீதம்.) கால்சியம் நைட்ரேட்டுக்குப் பாதி மதிப்பெண் தருவேன்; எல்லாச் சத்தும் கலந்ததாகச் சொல்லி வண்ணப் போத்தலில் வருபவற்றுக்கு அதுவும் இல்லை. அதே ரகத்தில், அதே வயதில் சில மரங்களைத் தெளிக்காமல் விட்டுவைத்து ஒப்பிட்டதே இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம். அப்படி விடாவிட்டால், நல்ல பருவம் தந்த விளைச்சலையும் உரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

முதலில் 13-0-45. நல்ல சரக்காக இருந்தால் படிகங்கள் உதிரியாக, வெண்மையாக இருக்கும்; தண்ணீரில் கொட்டிக் கலக்கியதும் வாளியின் வெளிப்புறம் கைக்குச் சில்லென்று ஆகும். இந்த உப்பு கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அப்படி ஆகிறது. நீர் குளிர்ந்துவிட்டால் மீதிப் படிகம் கரையத் தாமதமாகும் என்பதால், மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் போடுவது நல்லது. மாவில் இதற்கு இரண்டு வேறு வேலைகள் உண்டு, பொட்டலத்தின் மேலுள்ள குறிப்புகள் பெரும்பாலும் இரண்டையும் குழப்பி வைத்திருக்கின்றன. ஒன்று, பூக்க வைப்பது: 1970களில் பிலிப்பைன்ஸ் நாட்டின் ராமோன் பார்பா கண்டறிந்த முறை இது, முற்றிய இலைகள் உள்ள கிளைகளில்தான் பலிக்கும், குளிர்காலம் தெளிவாக உள்ள பகுதிகளில் அவ்வளவாகப் பலிக்காது. மற்றொன்று, பிஞ்சுகள் பட்டாணி அளவிலிருந்து கோலிக்குண்டு அளவுக்கு வளரும் காலத்தில் காயின் வளர்ச்சிக்குத் துணை செய்வது. நான் மதிப்பிடுவது இந்த இரண்டாவது வேலையை. லிட்டருக்கு 10 கிராம் வீதம், அதாவது 1 சதவீதக் கரைசலாகத் தெளித்த மரங்களில் காய்கள் ஒரே சீராகப் பருத்தன, சிறுத்துப்போன கழிவுக் காய்கள் குறைந்தன. ‘இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால்’ என்ற ஆசை இங்கே ஆபத்தானது, ஏனெனில் 3, 4 சதவீதத்துக்குப் போனால் இலை நுனிகள் கருகத் தொடங்கும்.

காய் முட்டை அளவைத் தாண்டிய பிறகு இதே உரத்தைத் தொடர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் உள்ள 13 சதவீதத் தழைச்சத்து அந்த நேரத்தில் தேவையற்றது. தழைச்சத்து மிஞ்சினால் பழுத்த பிறகும் தோலில் பச்சை தங்கிவிடும், சதையின் உறுதியும் குறையும். அந்தக் கட்டத்துக்கு உரியது 0-0-50. இதில் தழைச்சத்து இல்லை, பொட்டாஷுடன் 17 சதவீத அளவில் கந்தகமும் வருகிறது, குளோரைடு மிகக் குறைவு. குளோரைடு மிகுந்த மியூரியேட் ஆஃப் பொட்டாஷைக் கரைத்து இலையில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது மண்ணுக்கான உரம்.

0-0-50இன் குறை அதன் கரையும் தன்மை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் பொட்டாசியம் நைட்ரேட் 300 கிராமுக்கு மேல் கரையும், பொட்டாசியம் சல்பேட்டோ சுமார் 110 கிராம்தான் கரையும். 15 லிட்டர் டேங்குக்கு வேண்டிய 150 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துவிடலாம் என்று எவ்வளவு கலக்கினாலும் அடியில் மணல்போல் படிந்தபடியே இருக்கும்; இரண்டு லிட்டருக்கு மேல் எடுத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. மண்ணில் இடுவதற்கான மலிவுத் தரத்தை வாங்கினால் கரையாத கசடு தெளிப்பான் முனையை அடைத்துவிடும் என்பதால், முழுமையாக நீரில் கரையும் தரம் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். பலனைப் பொறுத்தவரை, பழுத்த பழத்தின் சாற்றை, இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானியில் விட்டுப் பார்த்தபோது தெளித்த மரங்களின் பழங்கள் முன்னால் நின்றன. வேறுபாடு பெரிதல்ல, ஆனால் ஒருமுறை மட்டும் வந்து மறைந்ததும் அல்ல. இலையில் உருவாகும் மாவுப்பொருளைக் காய்க்குக் கொண்டுசேர்க்கப் பொட்டாசியம் வேண்டும், அப்படிச் சேர்ந்த மாவுப்பொருளே பழுக்கும்போது சர்க்கரையாகிறது. எனவே முற்றாத காயைப் பறித்துப் பழுக்க வைப்பவர் இந்த உரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு அவசியம். மாம்பழச் சதையில் 100 கிராமுக்குச் சுமார் 170 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது என்றால், ஒரு மரத்திலிருந்து பறிக்கும் 100 கிலோ பழம் ஏறத்தாழ 170 கிராம் பொட்டாசியத்தை எடுத்துச் செல்கிறது. 1 சதவீத 13-0-45 கரைசலை மரத்துக்கு 10 லிட்டர் அடித்தால், ஒரு சொட்டும் வீணாகாமல் உள்ளே போனாலும் 37 கிராம் அளவுதான் சேரும் (45 என்பது பொட்டாசியம் ஆக்சைடாகச் சொல்லும் கணக்கு, அதில் பொட்டாசியம் மட்டும் 37). உண்மையில் பாதி தரையில் சொட்டிவிடுகிறது. மண்ணில் இடும் உரத்தை நிறுத்திவிட்டுத் தெளிப்பை மட்டும் நம்பலாம் என்று சொல்லும் விற்பனையாளர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

போரான் தூளுக்கு என்னிடம் முழு மதிப்பெண். மகரந்தக் குழாய் வளர்வதற்குப் போரான் வேண்டும் என்பதால், பூங்கொத்து நீண்டு மொட்டுகள் விரியும் முன் லிட்டருக்கு ஒரு கிராம் தெளிப்பது காய்ப்பிடிப்புக்கு உதவுகிறது. பற்றாக்குறை உள்ள தோட்டத்தில் காய் வெடிப்பும் குறைகிறது. 11 சதவீதம் போரான் உள்ள வெண்காரத்தைவிட 20 சதவீதத் தூள் குளிர்ந்த நீரில் எளிதாகக் கரைகிறது. தேவைக்கும் நச்சுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கண்ணளவில் அள்ளிப் போட்டால் இலை விளிம்புகள் தீய்ந்துபோகும், எனவே சிறு தராசு இல்லாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே மேல். பூக்கள் விரிந்தபின் தெளிப்பதும் கூடாது, மாவில் மகரந்தச் சேர்க்கையைப் பெரும்பாலும் செய்து தருகிற ஈக்களும் தேனீக்களும் அப்போதுதான் வருகின்றன.

கால்சியம் நைட்ரேட்டில்தான் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இலையில் விழுந்த கால்சியம் அங்கேயே தங்கிவிடும், காய்க்கு நகராது. ஆகவே கரைசல் காயின் மேலேயே படிய வேண்டும், அதுவும் தோலில் மெழுகுப் பூச்சு தடிக்கும் முன், இளம் பிஞ்சாக இருக்கும்போதே. உயர்ந்த மரத்தின் உட்கிளைகளில் தொங்கும் பிஞ்சுகளை நனைப்பது எளிதல்ல. நனைந்த பிஞ்சுகளிலிருந்து வந்த பழங்கள் பறித்தபின் சற்று உறுதியாக இருந்தன, மற்றவற்றில் வேறுபாடே தெரியவில்லை. அல்போன்சா ரகத்தில் சதைக்குள் வரும் பஞ்சுத் திசு என்னும் கோளாறை இது முற்றிலும் நீக்கிவிடும் என்ற விளம்பரத்தை நான் ஏற்கவில்லை, தரையிலிருந்து எழும் வெப்பம் உட்பட அதற்குக் காரணங்கள் பல. வேறொரு தொல்லையும் உண்டு: இதை 0-0-50 உடன் ஒரே டேங்கில் கலந்தால் கரைசல் திரிந்த பால்போல் வெளுத்து, ஜிப்சம் அடியில் படியும். பாஸ்பேட் உரங்களோடும் ஒத்துப்போகாது. ஐயம் இருந்தால் ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிதளவு கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பையைத் திறந்த பிறகு காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும் என்பதால் பெரிய பையை வாங்குவதும் வீண்.

துத்தநாக சல்பேட், இலைகள் சிறுத்துக் கொத்தாக நிற்கும் மரங்களுக்கு மட்டும் போதும்; பாதி அளவு சுண்ணாம்பு சேர்த்துத் தெளித்தால் கருகல் வராது. கலப்பு நுண்ணூட்டங்களை இலைப் பகுப்பாய்வு செய்து பற்றாக்குறை உறுதியான பின் வாங்கலாம். வளர்ச்சி ஊக்கிகள் என்ற பெயரில் சத்தின் சதவீதம் எதையும் குறிப்பிடாமல் வருபவற்றை எடுத்துப் பார்ப்பதையே நான் விட்டுவிட்டேன்.

எந்த உரமானாலும் தெளிக்கும் விதத்தில்தான் பாதிப் பலன் இருக்கிறது. மாவிலையின் மேற்புறம் மெழுகு பூசியது, இலைத்துளைகள் அடிப்புறத்தில்தான் மிகுதி. எனவே முனையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து, ஒட்டும் திரவம் சேர்த்து, வெயில் ஏறும் முன்போ மாலையிலோ அடிக்க வேண்டும். செந்தளிர் துளிர்த்திருக்கும் நேரத்தில் செறிவைப் பாதியாகக் குறைக்கலாம், அது எளிதில் கருகும். கடைசி 0-0-50 தெளிப்பை அறுவடைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுகிறேன், பிந்தினால் காய்த்தோலில் உப்புத் தடம் வெள்ளையாகத் தங்கி, கழுவித் துடைக்கும் வேலை கூடிவிடுகிறது.