காயிலோவரா, டயரா? ஒரு சிட்டி கோல்ஃபின் கணக்கு

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கியாலமி ரேஸ் டிராக் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். டிரெய்லர் கிடையாது. என் 2008 ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் கார் தானாக ஓடிப் போய், டிராக்கில் சுற்றிவிட்டு, தானாகவே வீடு திரும்ப வேண்டும். கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் காணும்: காயிலோவர் செட் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது), இல்லையென்றால் நல்ல டயர். மாமா மகன் காயிலோவர் கட்சி. நான் டயர் வாங்கியவன், அதனால் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

காயிலோவரின் பெருமை ஊரறிந்தது. உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பார்க்கவும் ஜோராக இருக்கும். ஆனால் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) உள்ள வண்டியை ரொம்ப இறக்கினால், எடை மையம் இறங்குவதைவிட வேகமாக ரோல் சென்டர், அதாவது வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, இறங்கிவிடும். வளைவில் வண்டி இன்னும் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டும். போதாததற்கு டர்பன் கடல்காற்று வேறு. மச்சானின் செட்டில் உயரம் மாற்றும் மரை துருவேறி, இப்போது ஸ்பேனருக்கு அசைய மறுக்கிறது. தெரு ஸ்பீட் ஹம்ப்பில் அவன் வண்டி குறுக்காகத்தான் ஏறும்.

நான் தேய்ந்துபோன ஷாக் அப்சார்பருக்குப் பதிலாகக் கம்பெனி மாதிரியே புதியது போட்டேன். பிரேக் ஆயிலை மாற்றினேன். மீதி முழுக்க 195/50 ஆர்15 ஸ்போர்ட்ஸ் ரோடு டயருக்கு.

என் முடிவு நின்றது ஒரே இடத்தில்: முன் டயரின் வெளித்தோள், அதாவது பட்டையும் பக்கச்சுவரும் சேரும் வெளி ஓரம். ரோட்டுக்கு வைத்த கேம்பரோடு (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) டிராக்கில் திரும்பினால் டயர் வெளிப்பக்கம் மடங்கி, அந்த ஓரம் மட்டும் கரையும். நடுவில் ரோட்டைத் தொடும் பட்டை அப்படியே இருக்கும், ஆனாலும் டயர் போச்சு. கேம்பரை மாற்றாமல் காயிலோவர் மட்டும் போட்டால் இது தீராது. சிட்டி கோல்ஃபில் ஸ்ட்ரட்டின் அடியைச் சக்கரத் தாங்கியோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேலது மையம் விலகிய வகை. அதைத் திருப்பியே கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) எடுக்கலாம். அப்புறம் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மறுபடி அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

டயரில் காற்று சரியா என்று பார்க்கச் சாக்பீஸ் போதும். தோளிலிருந்து பக்கச்சுவர் வரை மூன்று கோடு போட்டேன். முதல் ரவுண்டு முடிந்து இறங்கிப் பார்த்தால், டயர் ஓரத்தில் உள்ள சின்ன முக்கோண அடையாளத்தையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தது. கட்டை விரலால் தடவினால் ரப்பர் இறகு மாதிரி சுருண்டு வந்தது. குளிரில் 2.0 பார் வைத்தது சூட்டில் 2.4 ஆகியும் இந்தக் கதை. அடுத்த ரவுண்டுக்குக் கொஞ்சம் கூட்டியதும் கோடு அடையாளத்தோடு நின்றது. வீட்டுக்குக் கிளம்புமுன் டயர் ஆறியதும் ரோட்டு அளவுக்குச் சரி செய்ய மறக்காதீர்கள்.

செமி ஸ்லிக், அதாவது வெட்டு குறைவான டிராக் டயர்? பிடிப்பில் அது ராஜா, மறுக்கவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது கோடையில் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் மாலை இடிமழையை அதே டயரில் சந்தித்துவிட்டு, வான் ரீனன் கணவாயில் இறங்க வேண்டும். சட்டப்படி 1 மில்லிமீட்டர் பட்டை மிச்சம் இருக்கவும் வேண்டும். தனி ரிம்மில் மாட்டி எடுத்துப் போக வசதி உள்ளவர்கள் வாங்கலாம்.

“டயர் தேஞ்சு போகும்டா, காயிலோவர் தேயுமா?” என்கிறான் மச்சான். விற்கும்போது அவனுக்குக் கொஞ்சம் காசு திரும்பும், எனக்கு வராது. அது உண்மைதான். நான் ஓட்டியதும் மூன்றே நாள், மூன்றும் காய்ந்த தரையில். வேகம் கூடிய பிறகு நானும் ஸ்பிரிங் தேடி அலையலாம்.