மூன்று லட்ச ரூபாய் கேமிங் பிசி, மூன்றாவது கத்திரிக்கு முன்

2023 ஆகஸ்டில் மூன்று சனிக்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடையாய் நடந்து வாங்கியவை இவை: ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு 1,68,000 ரூபாய், ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியு 39,000, எக்ஸ்670இ மதர்போர்டு 36,000, 32 ஜிபி டிடிஆர்5 ராம் 12,000, 2 டிபி எஸ்எஸ்டி 13,500, 1000 வாட் கோல்டு பவர் சப்ளை 17,000, 360 மி.மீ. லிக்விட் கூலர் 13,000, கேபினட் 10,500. ஜிஎஸ்டி உட்பட 3,09,000. மானிட்டர் இந்தக் கணக்கில் இல்லை. அது நான் செய்த பெரிய தப்பு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பில்லை வாங்கிப் பார்த்த அப்பா, "இந்தப் பொட்டிக்கு மூணு லட்சமா? ஒரு புல்லட் வாங்கியிருந்தா நாலு ஊருக்காவது போய்ட்டு வந்திருக்கலாமேடா" என்றார். அவருக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

இரண்டரை வருடம் ஓடிவிட்டது. வாங்கும்போது நான் ராத்திரி முழுக்க வீடியோ பார்த்து ஒப்பிட்ட விஷயங்களில் பாதி, வாங்கிய பிறகு ஒருநாள்கூட நினைவுக்கு வரவில்லை. அப்போது யோசிக்கவே யோசிக்காத இரண்டு விஷயங்களோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். ஒன்று சூடு, இன்னொன்று கரண்ட்.

முதலில் கார்டு. அந்த முடிவு சரி. 4கே-யில் முழு பாத் ட்ரேசிங்கோடு (வெளிச்சம் பொருள்களில் பட்டுத் தெறிப்பதை நிஜம்போலக் கணக்கிடும் முறை) விளையாட வேண்டும் என்பதுதான் இந்த பில்டுக்கே காரணம். சைபர்பங்க் 2077 கேமில் 4கே-யில் அந்த மோடை எந்த உதவியும் இல்லாமல் போட்டால் 4090-கூட நொடிக்கு 20 ஃப்ரேமை ஒட்டித்தான் முக்கும். டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சின்ன அளவில் வரைந்து ஏஐ-யால் பெரிதாக்குவது), ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுநடுவே ஏஐ ஃப்ரேம்களைச் செருகுவது) இரண்டையும் சேர்த்தால், அப்போதிருந்த பழைய 1440பி மானிட்டரில் 104 வரை வந்தது. மழை பெய்த தெருவில் நியான் வெளிச்சம் தேங்கிய தண்ணீரில் நடுங்குவதை முதல் தடவை பார்த்தபோது காசு வீண் போகவில்லை என்று தோன்றியது. அதே வாரம் எல்டன் ரிங் போட்டேன். அது 60 ஃப்ரேமில் பூட்டு போட்ட கேம். ஒன்றரை லட்ச ரூபாய் கார்டு பாதித் தூக்கத்தில் அதை ஓட்டியது. நான் அதிகம் விளையாடியதும் அதைத்தான்.

2025 ஜனவரியில் அடுத்த தலைமுறை கார்டான 5090 வந்தது. 32 ஜிபி மெமரி, 575 வாட். விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 575 வாட் என்று படித்ததுமே டேபை மூடிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். என் அறை மூன்றாவது மாடியில், தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. மே மாதம் சாயங்காலம் ஏழு மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி அரை மணி நேரம் ஆன மாதிரி இருக்கும். 4090 முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும். சிபியு, மற்றவை எல்லாம் சேர்த்துச் சுவரில் 560 வாட் காட்டியது. அந்த 560 வாட்டும் கடைசியில் சூடாக அறைக்குள்தான் வந்து விழும். விசிறி எத்தனை மாட்டினாலும், லிக்விட் கூலர் போட்டாலும், அவை சூட்டைக் கேபினட்டிலிருந்து நம் முகத்துக்கு மாற்றும், அவ்வளவுதான். ஒரு டன் ஏசி ஏறத்தாழ 3,500 வாட் சூட்டை வெளியேற்றும். அதில் ஆறில் ஒரு பங்கு என் கம்ப்யூட்டருக்கே போனது. 2024 கத்திரியில் ஏசியை 24-ல் வைத்தும் அறை 29-க்குக் கீழ் இறங்கவில்லை. ஹெட்செட்டுக்குள் காது வியர்த்து ஊறிப்போனது.

ஒரு ராத்திரி எரிச்சலில் கார்டைக் கட்டுப்படுத்துகிற ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இழுத்தேன். 450 வாட் 315 ஆனது. 104 ஃப்ரேம் 98 ஆனது. ஆறு ஃப்ரேம்! அந்த ஆறுக்காக ஒன்பது மாதம் 135 வாட் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கார்டின் சூடு 72-லிருந்து 63 டிகிரிக்கு வந்தது, விசிறிச் சத்தம் மின்விசிறிச் சத்தத்துக்குள் காணாமல் போனது. அன்றிலிருந்து இன்றுவரை அதை 100-க்கு ஏற்றவில்லை. உயர்ரக கார்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. எனக்குத் தெரிந்த ஐந்து பேரிடம் சொன்னேன், ஒருவன்கூடச் செய்யவில்லை. கொடுத்த காசுக்கு முழு வேகம் வேண்டுமாம்.

கரண்ட் பில்லுக்கும் இது உதவியது. மூன்று மணி நேரம், 500 வாட், 60 நாள் என்றால் 90 யூனிட். தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் நம்மூர் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டியதும் 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலை போய், அதற்கு மேல் ஒவ்வொரு படியும் எகிறும். கோடையில் ஏசியோடு சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்ட வைத்தது என் பொட்டிதான் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்தது யுபிஎஸ். வீட்டில் பழைய 600விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தது. அதையே மாட்டினேன். அந்த 600விஏ யுபிஎஸ் உண்மையில் தருவது 360 வாட். கரண்ட் போனால் கேம் ஓடும்போது யுபிஎஸ் ஒரே ஒரு தடவை நீளமாகக் கத்திவிட்டுத் தானும் அணைந்துவிடும். யுபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரி. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து லைன் இழுத்துப் பார்த்தேன். அது பழைய ஸ்கொயர் வேவ் ரகம், பவர் சப்ளைக்குள்ளிருந்து வண்டு ரீங்கரிக்கிற மாதிரி சத்தம் வந்தது. பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். கடைசியில் 1500விஏ, 900 வாட், ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் தனியாக வாங்கினேன். கணக்கில் இல்லாத செலவு. இதிலும் ஒரு சங்கதி: அந்த லெட் ஆசிட் பேட்டரிக்கு வெயில் ஆகாது. எட்டு பத்து டிகிரி சூடு கூடினாலே ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. கம்ப்யூட்டரின் சூடான காற்று நேராக யுபிஎஸ் மேல் வீசுகிற மாதிரி டேபிளுக்கடியில் வைத்திருந்தேன். பதினாறே மாதத்தில் பேட்டரி உப்பிவிட்டது. இப்போது அது அறைக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

லிக்விட் கூலர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே கடுப்பாகிறது. பதினைந்தாம் மாதம் பம்ப் "கொரகொர" என்றது. ஒரு வாரத்தில் சிபியு 89 டிகிரியில் போய் நின்றது. அந்தச் சிப்புக்கு அதுதான் எல்லை, அதற்கு மேல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாரண்டிக்கு அனுப்பினேன், திரும்பி வர ஏழு வாரம். நடுவில் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்க முடியாமல் 4,500 ரூபாய்க்கு இரட்டை டவர் ஏர் கூலர் ஒன்று வாங்கி மாட்டினேன். கேமில் பழைய கூலரைவிட மூன்று டிகிரி அதிகம், அவ்வளவுதான். யோசித்தால் ஆச்சரியமே இல்லை. 7800எக்ஸ்3டி கேமில் 60, 70 வாட்டுக்கு மேல் கேட்காத சிப். அதன் தலையில் 360 மி.மீ. ரேடியேட்டரைக் கட்டியது கண்ணாடி வழியாக அழகாகத் தெரியட்டும் என்பதற்காக மட்டும்தான். வாரண்டியில் வந்த புதுக் கூலர் பெட்டி பிரிக்காமல் பரண் மேல் இருக்கிறது.

அந்தச் சிப்பைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் 96 எம்பி வேக மெமரி (கேஷ்) என்ன செய்கிறது என்பது நகரம் கட்டுகிற கேம்களில் ஜனத்தொகை பெருகப் பெருகத் தெரியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 4கே-யில் விளையாடினால் வேலையெல்லாம் கார்டின் தலையில்தான், பாதி விலைச் சிப்பும் பெரும்பாலான கேம்களில் கிட்டத்தட்ட இதே ஃப்ரேம் தந்திருக்கும். 2023 ஏப்ரலில் சில போர்டுகளில் இந்த வகைச் சிப்புகள் வோல்டேஜ் ஏறிக் கருகிய செய்தி வந்து, அவற்றைச் செய்யும் ஏஎம்டி, சிப்பின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் வோல்டேஜுக்கு 1.3 என்று வரம்பு போட்டது. அதனால் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டுத்தான், ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பையே தொட்டேன். முதல் தடவை ஆன் செய்தபோது திரை நாலைந்து நிமிஷம் கறுப்பாகவே இருந்தது. மூணு லட்சம் போச்சு என்று நெஞ்சு அடைத்தது. கடைக்குப் போன் போட்டால், "பொறுங்க சார், மெமரி ட்ரெயினிங் ஓடுது. டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன், வந்திருந்தது.

மதர்போர்டில் 20,000 ரூபாய் தண்டம். விலை குறைந்த பி650 போர்டிலும் இதே சிப் இதே வேகத்தில்தான் ஓடியிருக்கும். கூடுதல் ஸ்லாட்டுகளில் இன்றுவரை தூசிதான் உட்கார்ந்திருக்கிறது. ராமில் வேறு ஒரு அசட்டுத்தனம்: ஒரு வருடம் கழித்து அதே கிட்டை இன்னொன்று வாங்கி நாலு ஸ்லாட்டையும் நிரப்பினேன். ராமின் முழு வேகமான 6000-ல் கம்ப்யூட்டர் பூட் ஆகவே இல்லை. நாலு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி இந்தத் தலைமுறைக்கு உறுதி சொல்வது 3600 மட்டுமே, நான்தான் படிக்கவில்லை. இரண்டைக் கழற்றி, வாங்கிய விலைக்கே மைத்துனனுக்குக் கொடுத்தேன். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டதில் ராம் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. அவன் இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறான்.

4090 கார்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் 16 பின் பவர் கனெக்டர் உருகிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னுடையது உருகவில்லை. ஆனால் முதல் நாள் கேபினட்டின் பக்கக் கண்ணாடியை மூடும்போது அது கேபிளை லேசாக அழுத்தியது. பிளக்கிலிருந்து 35 மி.மீ. வரை வளைவு கூடாது என்பார்கள். என்னிடம் 20-கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன், பிறகு சரிந்து இறங்குகிற கேபிள் வாங்கினேன். கார்டு வாங்கும் முன் அதன் நீளத்தை எல்லோரும் அளக்கிறார்கள். கேபினட்டின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்து, பிளக் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அந்த ஒரு வாரம் கண்ணாடி திறந்து கிடந்ததில் வேறொன்று நடந்தது. பின் விசிறியிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம். எட்டிப் பார்த்தால் குட்டிப் பல்லி, வாலை விசிறிக்குக் கொடுத்துவிட்டுக் கார்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பல்லி விழும் பலனில் தலை, தோள், தொடை எல்லாம் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு இல்லை. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அது பவர் சப்ளைக்குள் போயிருந்தால் கதை வேறு. பின்பக்க ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் கொசுவலையை வெட்டி ஒட்டினேன். உள்ளே இரண்டு டிகிரி ஏறியது. பரவாயில்லை.

இனி மானிட்டர். 2017-ல் வாங்கிய 27 அங்குல 1440பி மானிட்டரோடு இந்தக் கார்டை ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு மாட்டுவண்டி ஓட்டிய மாதிரி. 2024 நவம்பரில் 1,05,000 கொடுத்து 32 அங்குல 4கே 240 ஹெர்ட்ஸ் ஓலெட் வாங்கினேன். 32-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கு 28 சதவீத வரி, 2025 செப்டம்பரில்தான் அது 18 ஆனது. கறுப்பு கறுப்பாகவே தெரிகிற திரையைப் பார்த்த அன்றுதான் புது கம்ப்யூட்டர் வாங்கிய உணர்வு வந்தது, பதினைந்து மாதம் தாமதமாக. குறை உண்டு. இந்தப் பேனலில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் நிறப்புள்ளிகள் முக்கோண அடுக்கில் இருப்பதால் எழுத்து விளிம்பில் பச்சையும் ஊதாவுமாக நிறம் கசியும். ஆங்கிலத்தைவிடத் தமிழில் இது உறுத்துகிறது. 'ணை', 'ஞ', 'ழு' மாதிரி சுழியும் வளைவும் உள்ள எழுத்துகளைச் சின்ன அளவில் படித்தால் சுழிக்குள் கலங்கல். எழுத்து அளவை 150 சதவீதம் ஆக்கிய பிறகு தேவலை.

போன வாரம் மைத்துனன் வந்திருந்தான். கேபினட் கண்ணாடியில் ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்ததைச் சுரண்டிக்கொண்டே, "அடுத்து என்ன மாமா, 5090-ஆ? இல்ல 9800எக்ஸ்3டி-யா? அதே போர்டுல உக்காருமே" என்றான். மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போட சதுர அடிக்கு என்ன விலை என்று கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன் என்றேன். கத்திரிக்குள் வேலை முடிய வேண்டும்.