நடுத்தூண் இல்லாத சுருள்படி: எட்டு வருஷம் ஏறி இறங்கிய பிறகு

எங்கள் வீட்டுச் சுருள்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், நடுவில் அரை மீட்டர் அகலத்துக்கு வெறும் வெளிச்சம்தான். அதற்கு ஆசைப்பட்டுத்தான் தூண் வேண்டாம் என்றேன். வரைபடத்தைப் பார்த்த கட்டமைப்புப் பொறியாளர், "தூண எடுத்துடலாம் சார். அந்த எடைய எங்க எறக்குறது, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அப்போது சிரித்துவிட்டேன்.

இரும்புச் சட்டம், மர மிதிபலகை. உயரம் 3 மீட்டர், 17 எழுச்சிகள் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரங்கள்), மொத்தம் 300 டிகிரி திருப்பம். படியின் அகலம் 85 செ.மீ. மிதி, அதாவது கால் வைக்கும் இடத்தின் ஆழம், உள்ளோரத்தில் 8 செ.மீ.தான், வெளியோரத்தில் 36. நடக்கிற கோட்டில் 24, 25 வரும், அதனால் ஏறுவதில் குறையே இல்லை. இறங்கும்போது எதிரே ஒருவர் வந்தால், உள்பக்கம் ஒதுங்குபவர் பாடு திண்டாட்டம்.

கட்டும்போது எனக்குப் புரியாதது முறுக்கு விசை. சுருள் ஸ்பிரிங் ஒன்றை மேலிருந்து அழுத்தினால் அதன் கம்பி வளைவதைவிட முறுக்கிக்கொள்வதுதான் அதிகம். தூணில்லாத சுருள்படியும் அந்த ஜாதிதான். ஆள் ஏறினால், படிகளை இருபுறமும் தாங்கும் பக்கச் சட்டங்கள் வளையவும் செய்யும், முறுக்கிக்கொள்ளவும் செய்யும். மூடிய பெட்டிக்குழாய் முறுக்கை நன்றாகத் தாங்கும். ஒற்றைப் பட்டைத் தகடு தாங்காது. உள்சட்டத்துக்குப் பெட்டிக்குழாய் போட்டோம். வெளிச்சட்டம் மெலிசாகத் தெரிய வேண்டும் என்று நான் அடம்பிடித்து அங்கே தகடு போட வைத்தேன்.

விளைவு முதல் மாதமே தெரிந்தது. சாதாரணமாக ஏறும்போது நொடிக்கு இரண்டு அடி வைக்கிறோம், ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் தடதடவென்று ஓடி இறங்கினால் நொடிக்கு மூன்று, நான்கு அடி. அந்தத் தாளம் படியின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போனதோ என்னவோ, நடுப்பகுதி துள்ளியது. உடைந்துவிடும் என்ற பயம் இல்லை. உடையாமல் தாங்கும் பலம் வேறு, அசையாமல் நிற்கும் விறைப்பு வேறு. ஆனாலும் என் அம்மா ஒரு வருஷம் மாடிக்கே வரவில்லை.

இதற்கிடையே மேல் தளத்தில் படி சேரும் இடத்தில், பூச்சில் முடியளவு விரிசல். பூசினோம், திரும்ப வந்தது. மூன்றாம் முறைதான் பூச்சை உடைத்துப் பார்த்தார்கள்: படியின் முனைத் தகட்டைக் கான்கிரீட்டோடு பிடித்திருந்த ஆங்கர் போல்ட்டுகளில் இரண்டு தளர்ந்திருந்தன. தூண் இல்லாத படிக்கு மேல் முனையும் கீழ் முனையும்தான் உயிர். முனை கொஞ்சம் திரும்பிக் கொடுத்தால் போட்ட கணக்கே மாறிவிடும். பிறகு உத்திரத்தைத் துளைத்து, மறுபக்கம் தகடு வைத்து, நட்டு போட்டு முடுக்கினார்கள்.

துள்ளலுக்கு வைத்தியம் கைப்பிடியில் கிடைத்தது. கம்பிக் கிராதியைக் கழற்றிவிட்டு, இடுப்புயரத்துக்கு வளைத்த தகட்டை வெளிச்சட்டத்தோடு தொடர்ச்சியாக வெல்டிங் செய்தோம். கைப்பிடியே ஆழமான உத்திரமாகிவிட்டது. துள்ளல் முக்கால்வாசி போயிற்று. கூடவே நான் ஆசைப்பட்ட மெலிவும் போயிற்று.

அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் லொரெட்டோ தேவாலயப் படியை அதிசயம் என்பார்கள். 33 படி, இரண்டு முழுச் சுற்று, எல்லாம் மரம், நடுத்தூண் கிடையாது. 1880ஐ ஒட்டிக் கட்டியது. அதன் உள்சட்டம் இறுக்கமாகச் சுற்றியிருப்பதால் அதுவே ஏறக்குறைய தூண் வேலையைப் பார்க்கிறது. கைப்பிடிகூடப் பின்னால் வைத்ததுதான். பக்கத்தில் இருக்கும் தேவாலயத் தூணோடு படியைப் பிணைக்கும் இரும்புப் பிடி ஒன்றும் பிற்பாடு சேர்ந்தது. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இனி கட்டுபவர்கள் உள்வட்டத்தை இன்னும் பெரிதாக்குமுன் யோசியுங்கள். வெற்றிடம் அகல அகல, படி ஸ்பிரிங்காகிக்கொண்டே போகும். கட்டில், பீரோ ஏற வேறு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் பீரோ பால்கனி வழியாகக் கயிற்றில் ஏறியது.

நடு வெற்றிடம் வழியாக இதுவரை விழுந்தவை: இரண்டு செல்போன், ஒரு டம்ளர், எண்ணற்ற பந்துகள். ஒன்பதாவது படி மட்டும் மழைக்காலத்தில் கிரீச்சிடும். பலகைக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் வாஷர் மாற்றினால் ஆறு மாதம் வாயைத் திறக்காது. போன வாரம்தான் மாற்றினேன்.