பிஸ்டன் மாற்றியாச்சு என்று 41,500 வாங்கினார்கள், எஞ்சின் ஹெட்டையே கழற்றவில்லை

சென்னையில் செகண்ட் ஹேண்ட் டர்ட் பைக் (மண் தரையில் ஓட்டுகிற பைக்) வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்க. ஒர்க்‌ஷாப் பெயர் போடப் போவதில்லை. அம்பத்தூர் பக்கம் என்பதோடு விடுகிறேன்.

வண்டி கவாசாகி கே.எக்ஸ்.250எஃப். எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் 22 மணி நேரம் என்று காட்டித்தான் விற்றார்கள். இந்த எஞ்சினுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். 13,000 ஆர்.பி.எம். தாண்டிச் சுற்றும், உள்ளே இருப்பது ஒரு லிட்டர் சொச்சம் ஆயில், ரேஸ் ஓட்டுபவர்கள் சில பத்து மணி நேரத்திலேயே பிஸ்டனைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பழைய ஓனர் எப்படி ஓட்டினாரோ, உடைந்த பிறகு அழுவதைவிட முன்கூட்டியே ரிங், பிஸ்டன், டைமிங் செயின் மாற்றி வால்வையும் செக் செய்துவிடலாம் என்று நானாகத்தான் போனேன். அதுதான் வினை.

பத்து நாள் கழித்து "எல்லாம் முடிஞ்சுது சார்" என்று வாட்ஸ்அப்பில் கணக்கும் ஒரு போட்டோவும் வந்தது. புது பிஸ்டன், பக்கத்தில் ஆயில் கேன். பழைய பிஸ்டன் எங்கே என்று கேட்டதற்கு, "ஸ்கிராப்ல போயிடுச்சு சார்" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரைடு நினைப்பில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது ரைடு, கேளம்பாக்கம் தாண்டி செம்மண் தரை. சூடானதும் வண்டி ஆஃப் ஆனது. கிக்கரை மிதி மிதி என்று மிதித்துச் சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்ததுதான் மிச்சம். இருபது நிமிடம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது, திரும்பச் சூடானால் அதே கதை. போன் போட்டால், "ரேஸ் வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." கிளட்ச் வேறு வழுக்க ஆரம்பித்திருந்தது.

அப்புறம் புதுப்பேட்டையில் தெரிந்த ஒரு அண்ணனிடம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். வால்வுக்கு மேல் இருக்கும் டப்பெட் கவரைத் திறந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டார். காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வு பக்கம் 0.10-லிருந்து 0.15 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். இடது வால்வில் 0.05 தகடே நுழையவில்லை. டைட்டேனியம் வால்வின் மேல்பூச்சு தேய்ந்துவிட்டால் வால்வு, அது உட்காரும் வளையமான சீட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும், இடைவெளி குறையும், சூட்டில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். இந்த இடைவெளியைச் சரி செய்ததாக என் பில்லில் "வால்வ் ஷிம் அட்ஜஸ்ட் - 3,500" என்று தெளிவாக இருக்கிறது.

சிலிண்டருக்கு அடியில் பேக்கிங் ஓரத்தைக் காட்டினார். கேஸிங்கில் இருக்கும் அதே காய்ந்த மண் கோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே சிலிண்டர் வரைக்கும் ஓடுகிறது. "தம்பி, இதை யாரும் தொடவே இல்ல." சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் அடை அடையாகக் கரி, மூன்று ரைடில் அவ்வளவு சேரவே சேராது. ஸ்கர்ட்டில், அதாவது பிஸ்டனின் பக்கவாட்டில், மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் தூசி கிழித்த தடம். ஏர் ஃபில்டர் ஃபோமில் ஆயிலே இல்லை, காய்ந்து மொடமொடவென்று கிடக்க, பின்னால் ரப்பருக்குள் விரலை விட்டால் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த போட்டோவை அண்ணனிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். 77 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), இந்த வண்டி பிஸ்டன் அகல் விளக்கு மாதிரி தட்டையாக இருக்கும். போட்டோவில் இருப்பது டம்ளர் மாதிரி உயரம், ஏதோ ஆபீஸ் போகிற வண்டியுடையது! பக்கத்தில் இருந்த கேன் கார் ஆயில். கிளட்ச் அதே ஆயிலில் ஊறுகிற வண்டிக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று தரக் குறியீடு போட்ட பைக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஆக அவர்கள் செய்த ஒரே வேலை ஆயில் மாற்றியது, அதையும் தப்பாக.

விற்றவரும் யோக்கியர் இல்லை. ஹவர் மீட்டர் ஒட்டியிருந்த டேப் புத்தம் புதுசு, ஃபுட்பெக் பல்லெல்லாம் மழுங்கிப் போயிருக்கிறது. 22 மணி நேரத்தில் அது நடக்காது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி வாங்கியிருக்கிறேன்.

இன்னொருவர் எஞ்சின் வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்க. முடியாவிட்டால் சிலிண்டர் ஜாயிண்டில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டு வாங்க. வால்வு இடைவெளி முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்க. பழைய பார்ட்ஸ் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுக்கப் போகிறேன். கையில் இருப்பது வாட்ஸ்அப் கணக்கு, ஜிபே ரசீது, அந்த டம்ளர் பிஸ்டன் போட்டோ. ஒர்க்‌ஷாப்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். வண்டி புதுப்பேட்டையில் பிரித்தபடி கிடக்கிறது, இன்டேக் வால்வு இன்னும் வந்து சேரவில்லை.